பின்கதவுக் கார்

எங்கள் ஊருக்குப் பூவரசங்குளம் என்று பெயர். வவுனியாவிலிருந்து மன்னாரை நோக்கிச் செல்லும் பெருவீதியில் இருக்கின்றது. பூவரசு நிழலுக்காக மட்டும் நடப்படும் மரம் அன்று. அதன் முற்றிய மரம் வண்டில் வேலைக்கு உகந்தது என்பதைப் பழைய தச்சர்கள் நன்கு அறிவார்கள். அத்தகைய மரத்தின் பெயரைத் தாங்கிய ஊரிலிருந்து வண்டியைப் பற்றிப் பேசுவது பொருத்தமே எனக் கருதுகின்றேன். ஆயினும், இன்று நான் பேச எடுத்துக்கொண்டது மாட்டு வண்டில் அன்று; மோட்டார்க் கார். அதிலும், காரின் எஞ்சினைப் பற்றியோ வேகத்தைப் பற்றியோ பேசப்போவதில்லை. அதன் பின்புறத்தைப் பற்றியே பேசப்போகின்றேன்.

கலைப் பட்டதாரி ஒருவருக்கு, அதுவும் பாடசாலை அதிபர் ஒருவருக்கு, இந்த ஆராய்ச்சி எதற்கு என்று நேயர்கள் கேட்கலாம். காரணத்தை முதலிற் சொல்லிவிடுகின்றேன்.

என்னிடம் கற்ற மாணவர் ஒருவர் 2009ஆம் ஆண்டு யுத்தத்தின் இறுதிக் காலத்தில் இரு கால்களின் இயக்கத்தையும் இழந்தவர். சக்கர நாற்காலியே அவருக்குக் கால்கள். எங்கள் பக்கத்துக் கிரவல் ஒழுங்கைகளில் ஓடுவதற்கு ஏற்ப, மடிக்க முடியாத உறுதியான நாற்காலி ஒன்றை அவர் வைத்திருக்கின்றார். அவருடைய தமையனார் பல ஆண்டுச் சேமிப்புடன் கடனும் பெற்று, தம்பியை வவுனியாவுக்கு அழைத்துச் செல்வதற்கென்றே ஒரு கார் வாங்கினார். நல்ல கார், நீண்ட கார், அயலவர் எல்லோரும் வந்து பார்த்துப் பாராட்டிய சலூன் கார். முதல் நாட் பயணத்திற்கு எல்லோரும் ஆயத்தமானார்கள். தம்பியை முன்னாசனத்தில் இருத்தினார்கள். நாற்காலியைத் தூக்கி டிக்கியில் வைக்க முயன்றார்கள். அது போகவில்லை. நிமிர்த்தினார்கள், சரித்தார்கள், ஒரு சில்லைக் கழற்றினார்கள், அப்பொழுதும் போகவில்லை. ஈற்றில் அதைக் கூரையின் மேல் கயிற்றாற் கட்டிக்கொண்டு புறப்பட்டார்கள்.

சில நாட்களின் பின்னர் அந்தத் தம்பி என்னிடம் கேட்டார்: “டிக்கி பெரிசுதானே சேர், பிறகேன் கதிரை உள்ளுக்குப் போகுதில்லை?” கணக்குப் பாடத்திற் கேட்கவேண்டிய கேள்வி அது. எனக்கு உடனே விடை தெரியவில்லை. தேடிப் படித்தபொழுது, அந்த ஒரு கேள்விக்குள் ஒரு கைத்தொழிலின் வரலாறும், பல நாட்டு மக்களின் மனப்போக்கும், அரசாங்கங்களின் வரிக் கொள்கையும் அடங்கியிருக்கக் கண்டேன். அவற்றையே இன்று உங்களோடு பகிர்ந்துகொள்கின்றேன்.

சலூன் கார் என்பது அடிப்படையில் மூன்று பெட்டிகளின் சேர்க்கை. முன்பெட்டியில் எஞ்சின், நடுப்பெட்டியில் மனிதர், பின்பெட்டியிற் பொதிகள். இந்த மூன்றாவது பெட்டியையே நாம் டிக்கி என்கின்றோம். பின்னாசனத்தின் முதுகுப்புறத்தில் ஒரு தடுப்பும், அதன் மேலே பின்கண்ணாடி வரை ஒரு தட்டும் இருக்கும். டிக்கியின் மூடி பின்கண்ணாடிக்குக் கீழிருந்துதான் திறக்கும். கண்ணாடியோ நிலையாக இருக்கும். ஆகவே உள்ளே இடம் தாராளமாக இருப்பினும், வாய் சிறிதாகவே இருக்கும். குடத்துக்குள் எத்தனை படி தண்ணீர் கொள்ளும் என்பது ஒரு கணக்கு; அதன் கழுத்துக்குள்ளால் எதை நுழைக்கலாம் என்பது வேறொரு கணக்கு. பூசணிக்காயைக் கொள்ளக்கூடிய வயிறு குடத்திற்கு உண்டு. ஆனால் கழுத்து விடாது. விளம்பரங்கள் டிக்கியின் கொள்ளளவை லீற்றரிற் சொல்லும். வாயின் அகலத்தையும் உயரத்தையும் சொல்வது அரிது. எனது மாணவரின் கேள்விக்கு விடை இதுவே.

பின்கதவுக் கார் என்று நான் சொல்வது, ஆங்கிலத்தில் ஹட்ச்பக் என வழங்கும் காரை. இதில் மூன்றாவது பெட்டி இல்லை. மனிதர் இருக்கும் அறையும் பொதி வைக்கும் இடமும் ஒன்றே. பின்கண்ணாடியும் அதன் கீழுள்ள மூடியும் சேர்ந்து ஒரே கதவாகி, கூரையின் விளிம்பிற் கீல் பூட்டப்பட்டு, மேல்நோக்கித் திறக்கும். பின்னாசனத்தை மடித்து விட்டால் காரின் பாதி உடலும் பொதியறையாக மாறிவிடும். ஆசனத்தை நிமிர்த்தினால் மறுபடியும் ஐவர் இருக்கலாம். ஒரே வீடு பகலில் விறாந்தையாகவும் இரவில் படுக்கையறையாகவும் பயன்படுவதைப் போன்றது இது.

சற்று நினைத்துப் பார்த்தால், இது எங்களுக்குப் புதிய ஏற்பாடே அன்று. கூடாரம் கட்டிய வண்டிலில் எங்கள் பாட்டன்மாரும் பாட்டிமாரும் எந்தப் பக்கத்தால் ஏறினார்கள்? பின்பக்கத்தால் ஏறினார்கள். கோயில் திருவிழாவுக்குப் பிள்ளைகளையும் பொங்கற் பானையையும் ஏற்றியது அந்த வழியாகத்தான். நெல் மூடையை ஏற்றியதும், நோயாளியைப் பாயோடு ஏற்றியதும் அந்த வழியாகத்தான். ஆளுக்கு ஓர் அறை, பொருளுக்கு ஓர் அறை என்ற பிரிவு வண்டிலில் இருந்ததில்லை.

மோட்டார்க் காரில் இந்த அமைப்பு எவ்வாறு வந்தது என்று பார்ப்போம். பிரான்ஸ் தேசத்துச் சித்ரோன் நிறுவனம் 1938ஆம் ஆண்டில் தனது புகழ்பெற்ற முன்சில்லு இழுவைக் காரில் ‘கொமேர்சியால்’ என்றொரு வகையை வெளியிட்டது. கடை வைத்திருப்போரும் இறைச்சி வியாபாரிகளும் வாரத்திற் பொருள் ஏற்றவும், ஞாயிற்றுக்கிழமையிற் குடும்பத்தோடு செல்லவும் அது பயன்பட்டது. அதன் பின்கதவு மேலும் கீழுமாக இரண்டு துண்டாகத் திறந்தது. யுத்தத்தின் பின்னர், 1954ஆம் ஆண்டில், அதே வகை ஒரே துண்டான கதவுடன் மீண்டும் வந்தது.

இலங்கை மக்களுக்கு நன்கு பழக்கமான ஒரு பெயரும் இந்த வரலாற்றில் உண்டு. அது ஒஸ்ரின் ஏ-40. டெவன், சொமர்செற் என்ற உருண்டை வடிவ ஏ-40 கார்கள் யாழ்ப்பாணத்திலும் வன்னியிலும் வாடகைக் கார்களாக நீண்டகாலம் உழைத்ததை முதியவர்கள் மறந்திருக்கமாட்டார்கள். 1958ஆம் ஆண்டில் அதே ஏ-40 என்ற பெயரில், இத்தாலிய நாட்டுப் பினின் பரினா நிறுவனத்தார் வடிவமைத்த புதிய கார் ஒன்று வந்தது. அதற்கு வெளியே நீட்டிய டிக்கி இல்லை. பின்புறம் வெட்டி விட்டாற்போல் நின்றது. அடுத்த ஆண்டில் வந்த அதன் ‘கன்ரிமான்’ வகையில் பின்கண்ணாடி மேல்நோக்கியும் கீழ்மூடி கீழ்நோக்கியும் திறந்தன. பெரும்பாலான மக்கள் அதை ஒரு விசித்திரமான சிறு காராகவே கண்டார்கள். பின்கதவுக் காரின் முன்னோடிகளுள் ஒன்று தங்கள் வீதியில் ஓடிக்கொண்டிருந்ததை அவர்கள் அறியவில்லை.

1961ஆம் ஆண்டில் ரெனோல்ட் நிறுவனம் நான்காம் இலக்கச் சிறு காரை முழுப் பின்கதவுடன் வெளியிட்டது. கமக்காரரும் கன்னியாஸ்திரிகளும் தபாற்காரரும் அதனை விரும்பி வாங்கினார்கள். எண்பது லட்சத்திற்கு மேற்பட்ட கார்கள் விற்பனையாயின. ஆனால் சிறு காருக்குப் பின்கதவு வைப்பது ஒன்று. கௌரவமான பெரிய குடும்பக் காருக்கு வைப்பது வேறொன்று. அந்தத் துணிச்சலை 1965ஆம் ஆண்டில் அதே நிறுவனத்தின் பதினாறாம் இலக்கக் கார் காட்டியது. அதன் பின்னாசனத்தை முன்னுக்கு நகர்த்தலாம், மடிக்கலாம், தேவையெனிற் கழற்றியும் எடுக்கலாம். 1966ஆம் ஆண்டுக்குரிய ஐரோப்பாவின் சிறந்த கார் என்ற பரிசு அதற்குக் கிடைத்தது. 1980 வரை பதினெட்டு லட்சத்திற்கு மேல் செய்யப்பட்டன. பெரிய பின்கதவுக் கார் என்ற இனத்தின் மூத்த பிள்ளை அதுவே எனலாம்.

இனி, மக்கள் மனம் எப்படிப் போயிற்று என்பதைக் கவனிப்போம். பொருள் நல்லதாக இருந்தால் மட்டும் விற்பனையாகிவிடாது என்பதற்கு இங்கிலாந்திலே ஒரு பாடம் உண்டு. அங்கே போர்ட் நிறுவனத்தின் கோர்ட்டினா என்ற சலூன் கார் 1970களின் பெரும்பகுதியில் விற்பனையில் முதலிடம் வகித்தது. 1982இல் அதை நிறுத்தி, சியறா என்ற பெரிய பின்கதவுக் காரைக் கொண்டுவந்தார்கள். அதன் வளைந்த வடிவத்தைப் பார்த்தவர்கள் அதனை ஜெலி அச்சு என்று கேலி செய்தார்கள். சலூன் வடிவம் அதிற் கிடைக்கவில்லை. போட்டி நிறுவனமான வொக்ஸ்ஹோலோ தனது கவலியர் என்ற காரைச் சலூனாகவும் பின்கதவுக் காராகவும் இரு வகையிலும் விற்றுவந்தது. சலூனை விட்டுப் பிரிய மனமில்லாதோர் பலர் அந்தப் பக்கம் சென்றார்கள். ஈற்றில் 1987இல் போர்ட் நிறுவனமும் சியறாவுக்குத் தனி டிக்கி பூட்டி, ‘சபயர்’ என்ற மேலதிகப் பெயருடன் வெளியிட்டது. பயன் குறைந்த வடிவத்திற்கு நீலக்கல்லின் பெயர் வைத்தார்கள் என்பதை நேயர்கள் கவனிக்கவேண்டும். இருப்பினும் காலப்போக்கில் ஆங்கிலேயர் பின்கதவுக்குப் பழகினார்கள். மாதிரிப் பொருள்களை ஏற்றிக்கொண்டு ஊர் ஊராய்ச் செல்லும் விற்பனைப் பிரதிநிதிகளுக்கு அது மிகவும் வசதியாக இருந்ததும் ஒரு காரணம்.

பிரெஞ்சுக்காரர் இன்னும் ஒரு படி மேலே சென்றார்கள். 1980களில் அமைச்சர்களும் உயர் அதிகாரிகளும் பயணம் செய்த ரெனோல்ட் 25 பின்கதவுக் காரே. 1989இல் வந்த சித்ரோன் எக்ஸ்எம் காரும் அவ்வாறே. ஜேர்மானியரோ வேறு வழியிற் சென்றார்கள். பொருள் ஏற்றவேண்டுமாயின் கூரையைப் பின்முனை வரை நேராக நீட்டிய ஸ்ரேஷன் வாகன், மரியாதைக்குச் செல்லவேண்டுமாயின் சலூன் என்று இரண்டாகப் பிரித்து வைத்துக்கொண்டார்கள். அமெரிக்கருக்கோ பின்கதவு என்றதும் 1970களில் விற்ற விலை குறைந்த சிறு கார்களே நினைவுக்கு வந்தன. ஆதலால் பெரிய கார் வாங்குவோர் அதை நாடவில்லை. ஒரே இரும்பு, ஒரே கண்ணாடி, ஒரே கீல். நான்கு நாடுகளில் நான்கு மதிப்பு. சந்தை என்பது பொருளை மட்டும் நிறுப்பதில்லை. பொருளோடு ஒட்டிக்கொண்ட நினைவையும் சேர்த்தே நிறுக்கின்றது.

எங்கள் பக்கத்து மனப்போக்கு யாது? இந்தியாவைப் பார்ப்போம். 1957இல் வெளிவரத் தொடங்கிய அம்பாசடர் கார், மொறிஸ் ஒக்ஸ்போர்ட் என்ற ஆங்கிலேயக் காரின் அச்சில் வார்க்கப்பட்டது. 2014 வரை வங்காளத்து உத்தரபாராவில் அது செய்யப்பட்டது. மந்திரியும் அதிற் சென்றார், மாப்பிள்ளையும் அதிற் சென்றார். கார் என்றால் டிக்கி உள்ளது என்ற இலக்கணத்தை அம்பாசடரும் பத்மினியும் இரண்டு தலைமுறைக்கு எழுதி வைத்துவிட்டன. 1983இல் மாருதி 800 வந்தபொழுது அதன் குறுகிய பின்புறத்தை மக்கள் ஏற்றுக்கொண்டார்கள். ஆனால் சிக்கனத்திற்காகவே ஏற்றுக்கொண்டார்கள். சிறு காருக்கு டிக்கி இல்லாதிருக்கலாம், உயர்வு பெற்ற பின்னர் டிக்கி வேண்டும் என்பது எழுதாச் சட்டமாயிற்று.

இந்த நிலையில் 2006ஆம் ஆண்டு இந்திய வரவு செலவுத் திட்டம் ஒரு புதிய அளவுகோலைக் கொண்டுவந்தது. நான்கு மீற்றருக்குக் குறைந்த நீளமும் குறித்த அளவுக்கு உட்பட்ட எஞ்சினும் உடைய கார்களுக்கு உற்பத்தி வரி 24 வீதத்திலிருந்து 16 வீதமாகக் குறைக்கப்பட்டது. விளைவு யாது? டிக்கியின் மேல் ஆசை. நீளத்தின் மேல் வரி. இரண்டையும் சமாதானப்படுத்துவதற்காக நிறுவனங்கள் சலூன் கார்களின் வாலை வெட்டி நான்கு மீற்றருக்குள் அடக்கின. 2008இல் வந்த ராற்றா இண்டிகோ சிஎஸ் அத்தகையது. 2012இல் மாருதி டிசையரும் அவ்வாறே குறுக்கப்பட்டது. உட்புறத்தில் பின்கதவுக் காருக்குரிய இடம், வெளிப்புறத்தில் டிக்கியின் கௌரவம். 2025 செப்டெம்பர் 22ஆம் திகதி நடைமுறைக்கு வந்த வரி மாற்றத்திலும் அந்த நான்கு மீற்றர் எல்லை மாறாமல் இருக்கின்றது. தையற்காரன் சட்டையை ஆளுக்கு அளவாக வெட்டுகின்றான். கார் நிறுவனமோ காரை வரிச் சட்டத்திற்கு அளவாக வெட்டுகின்றது.

டிக்கியின் மேலுள்ள இந்தப் பற்றை நன்கறிந்த நிறுவனம் செக் நாட்டு ஸ்கோடா. 2001இல் இந்தியாவில் விற்கத் தொடங்கிய ஒக்டேவியா, பார்வைக்குச் சலூன். உண்மையில் முழுப் பின்கதவுக் கார். வாங்கியவர்களிற் பலர் அதைச் சலூன் என்றே எண்ணி மகிழ்ந்தார்கள். அதே நிறுவனம் 2008இல் வெளியிட்ட சுப்பேர்ப் காரில் ஒரு படி மேலே போயிற்று. விரும்பினால் டிக்கி மூடியை மட்டும் சலூன்போலத் திறக்கலாம். விரும்பினால் கண்ணாடியோடு சேர்த்து முழுக் கதவாகவும் திறக்கலாம். கௌரவத்துக்கு ஒரு கதவு, தேவைக்கு ஒரு கதவு.

இலங்கையின் கதை சற்று வேறு. இங்கே கார் ஓர் ஊர்தி மட்டும் அன்று, சேமிப்பும் ஆகும். 1960களில் அந்நியச் செலாவணித் தட்டுப்பாட்டினால் கார் இறக்குமதி கடுமையாகக் கட்டுப்படுத்தப்பட்டது. 1977இல் பொருளாதாரம் திறக்கப்பட்ட பின்னர் யப்பானியக் கார்கள் பெருந்தொகையாக வந்தன. பொருளும் ஏற்றலாம், ஆளும் ஏற்றலாம் என்பதால் ரொயோட்டா டிஎக்ஸ் வாகன், நிசான் ஏடி வாகன் முதலியவற்றுக்குக் கிராக்கி இருந்தது. மறுபடியும் 2020 மார்ச் மாதத்தில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியிற்றான் கதவு மீண்டும் திறந்தது. இடைப்பட்ட காலத்திற் பழைய கார்களின் விலை வாங்கிய விலையையும் தாண்டி உயர்ந்ததை யாவரும் அறிவோம். இத்தகைய நாட்டிற் கார் வாங்குபவர் முதலிற் கேட்கும் கேள்வி ‘எனக்கு உதவுமா’ என்பதன்று. ‘நாளைக்கு விற்றால் விலை போகுமா’ என்பதே. அயலவர் விரும்பும் வடிவத்தையே நாமும் வாங்குகின்றோம். நாம் வாங்குவதைப் பார்த்து அயலவரும் அதையே வாங்குகின்றார்.

எனினும், வரியும் எரிபொருள் விலையும் சேர்ந்து எமது மக்களைப் பின்கதவின் பக்கம் தள்ளிவிட்டன. எஞ்சினின் கொள்ளளவு கூடக்கூட வரியும் கூடுகின்றமையால் சிறு எஞ்சின் கார்கள் பெருகின. சிறு எஞ்சின் கார்களிற் பெரும்பாலானவை பின்கதவுக் கார்களே. விற்ஸ், அக்குவா, வாகன் ஆர் என்ற பெயர்கள் இன்று பாடசாலைப் பிள்ளைகளுக்கும் தெரியும். பெரிய பின்கதவுக் கார் இலங்கையில் வேரூன்றியது ரொயோட்டா பிரியஸ் மூலமாகவே. 1997இல் யப்பானில் வந்த முதற் பிரியஸ் ஒரு சலூன். 2003இல் வந்த இரண்டாம் பிரியஸ் முழுப் பின்கதவுக் காராக மாறியது. இதற்குக் காரணம் காற்று. கூரை மெல்ல மெல்லச் சரிந்து, வாலில் திடீரென வெட்டப்பட்டிருந்தால், காரின் பின்னால் எழும் காற்றுச் சுழி குறைந்து எரிபொருள் மிஞ்சும். ஆனால் அவ்வாறு சரிந்த முதுகில் சலூன் மூடி வைத்தால் வாய் இன்னும் சிறுத்துவிடும். ஆதலால் கண்ணாடியோடு சேர்ந்த பெரிய கதவு அவசியமாயிற்று. மின்கலமும் பெற்றோலும் சேர்ந்து ஓடும் காரை விரும்பி வாங்கிய நம்மவர், கேட்காமலே பெரிய பின்கதவையும் பெற்றுக்கொண்டார்கள்.

பின்கதவுக் காருக்குக் குறையே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். ஒரு பக்கத்தை மட்டும் சொல்வது ஆசிரியருக்கு அழகன்று. முதலாவது, வெப்பம். பெரிய சரிந்த கண்ணாடியால் வன்னி வெயில் தாராளமாக உள்ளே இறங்கும். குளிரூட்டி பொதியறையையும் சேர்த்துக் குளிர்விக்க வேண்டும். இரண்டாவது, மணம். மன்னாரிலிருந்து கருவாடு வாங்கி வருபவருக்கு இது நன்கு விளங்கும். சலூனிற் கருவாடு தனியறையிற் பயணம் செய்யும். பின்கதவுக் காரில் எம்மோடு கூடவே வரும். உரப்பைக்கும் மண்ணெண்ணெய்க் கலனுக்கும் இதே நியாயம் பொருந்தும். மூன்றாவது, ஓசை. பின்சில்லுகளின் இரைச்சலைத் தடுப்பதற்கு இடையிற் சுவர் இல்லை. நான்காவது, புழுதி. நிமிர்ந்த பின்புறத்தின் பின்னால் காற்றழுத்தம் குறைவதால் கிரவல் வீதியின் செம்புழுதி சுழன்று வந்து கண்ணாடியிற் படியும். அதனாலேதான் இவ்வகைக் கார்களின் பின்கண்ணாடிக்கும் துடைப்பான் பூட்டுகின்றார்கள். ஐந்தாவது, பாதுகாப்பு. கட்டி வைக்காத பாரமான பொருள் திடீர்த் தடையின்போது முன்னே பாய்ந்து வரக்கூடும். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு உள்ளே இருப்பது தெரிவதும் உண்டு. இவற்றுக்குத் தட்டும் வலையும் பட்டியும் உண்டெனினும், அவற்றைப் பயன்படுத்தும் பழக்கமும் வேண்டும். இன்னும், பின்புறத்திற் பெரிய திறப்பு வைத்தால் உடலின் விறைப்புக் குறையும். அதை ஈடுசெய்ய உருக்குச் சட்டத்தைப் பலப்படுத்துவதால் எடையும் செலவும் சற்றுக் கூடும்.

இவ்வளவு குறைகளும் இருந்தும், ஒரு தொல்லைக் காலத்தில் எந்த வடிவம் உதவுகின்றது என்பதை எங்கள் மக்கள் ஏற்கனவே கற்றிருக்கின்றார்கள். 1990இன் பின்னர் வடக்கிற்கு எரிபொருள் தடைப்பட்டிருந்த காலம் எனது வாலிபப் பருவம். பழைய ஏ-40, மொறிஸ் மைனர், கேம்பிறிட்ஜ் கார்கள் தொடங்குவதற்குச் சிறிதளவு பெற்றோலும், ஓடுவதற்கு மண்ணெண்ணெயுமாகப் புகை கக்கிக்கொண்டு ஓடின. அழுத்த விகிதம் குறைந்த அந்தப் பழைய எஞ்சின்கள் அதனைத் தாங்கிக்கொண்டன. இடம்பெயரும் வேளைகளில் அந்தச் சலூன் கார்களை நான் பார்த்திருக்கின்றேன். எந்தக் காரின் டிக்கி மூடியும் மூடியிருந்ததில்லை. மூடியை உயர்த்திக் கயிற்றாற் கட்டி, அரிசிப் பையும் சட்டிபானையும் தையல் இயந்திரமும் வெளியே நீட்டிக்கொண்டிருக்க அவை சென்றன. இக்கட்டு வந்தபொழுது ஒவ்வொரு சலூன் காரும் பின்கதவுக் காராக மாற முயன்றது என்றே இப்பொழுது எனக்குத் தோன்றுகின்றது.

மேல்நாடுகளில் பெரிய பின்கதவுக் காரின் நாள் இன்று மங்கி வருகின்றது என்பதையும் மறைக்கலாகாது. சியறாவின் வழித்தோன்றலான மொண்டியோவின் உற்பத்தி ஐரோப்பாவில் 2022இல் நின்றுபோயிற்று. அதை வாங்கியிருக்கக்கூடியவர்கள் இன்று உயரமான எஸ்யூவி கார்களை வாங்குகின்றார்கள். எங்கள் நாட்டிலும் வெசல், ரைஸ் என்பவற்றைத் தேடுவோர் பலர். ஆனால் ஒன்றைச் சிந்தித்துப் பாருங்கள். அந்த உயரமான கார்களின் பின்புறத்தில் இருப்பது என்ன? கூரையிற் கீல் பூட்டிய அதே பெரிய கதவு. மடிக்கக்கூடிய அதே பின்னாசனம். பின்கதவுக் காரைச் சற்று உயர்த்தி, உருவத்தைப் பருக்க வைத்து, விலையையும் ஏற்றியபோது, முன்னர் அதனை வேண்டாமென்றவர்களே கௌரவம் என்று வாங்குகின்றார்கள். ஆகவே தோற்றது பின்கதவு அன்று. உயரம் என்ற புதிய கௌரவம் கிடைத்ததும், டிக்கி என்ற பழைய கௌரவம் கைவிடப்பட்டது, அவ்வளவே.

எனவே கார் வாங்க எண்ணும் நேயர்களுக்கு, சிறு கடமையாக, சிலவற்றைச் சொல்லி முடிக்கின்றேன். வாங்கப்போகும் நாளில் வெறுங்கையோடு செல்லாதீர்கள். உங்கள் வீட்டில் அடிக்கடி ஏற்றவேண்டிய மிகப் பெரிய பொருள் எதுவோ, அதன் அளவை ஒரு கயிற்றில் முடிச்சிட்டுக் கொண்டு செல்லுங்கள். அது பிள்ளையின் துவிச்சக்கர வண்டியாக இருக்கலாம். தண்ணீர் இறைக்கும் இயந்திரமாக இருக்கலாம். நெல் மூடையாக இருக்கலாம். தாயாரின் சக்கர நாற்காலியாகவும் இருக்கலாம். டிக்கியின் ஆழத்தை அன்று, வாயை அளந்து பாருங்கள். விளிம்பு நிலத்திலிருந்து எவ்வளவு உயரம் என்றும் பாருங்கள். பாரத்தைத் தூக்கப்போவது விற்பவர் அல்லர். பின்னாசனம் முற்றாக மடிகின்றதா, மடித்தபின் தளம் சமமாக இருக்கின்றதா என்று கவனியுங்கள். ஆண்டில் ஒருநாள் கல்யாண வீட்டு வாசலில் கார் எவ்வாறு தோன்றும் என்று எண்ணுவதில் தவறில்லை. ஆனால் மற்றைய 364 நாட்களையும் எண்ணிப் பாருங்கள். இவ்வளவும் பார்த்த பின்னர், உங்கள் தேவைக்குச் சலூனே பொருத்தமெனிற் சலூனையே வாங்குங்கள். கருவாட்டு வியாபாரிக்கு நான் பின்கதவுக் காரைச் சிபாரிசு செய்யமாட்டேன்.

எனது மாணவரின் வீட்டுக் கதையும் ஒருவாறு முடிந்தது. தமையனார் சில மாதம் யோசித்தார். அழகிய காரை விற்பது அவருக்கு எளிதாக இருக்கவில்லை. கடன் இறுக்கத்தினால் விற்கின்றார் என்று ஊரார் பேசுவார்களே என்ற கூச்சமும் இருந்தது. அவ்வாறே பேசவும் செய்தார்கள். எனினும் அவர் அதனைக் கொடுத்து, வயதிற் சற்று மூத்த பெரிய பின்கதவுக் கார் ஒன்றை எடுத்துக்கொண்டார். சிறிது நட்டந்தான். இப்பொழுது பின்னாசனத்தின் ஒரு பாதி எப்பொழுதும் மடிந்தபடியே இருக்கின்றது. நாற்காலி சில்லுக் கழற்றாமல், கயிறு கட்டாமல், நேராக உள்ளே போகின்றது.

முன்னர் அந்தத் தம்பி வவுனியாவுக்குப் போவதென்றால் கூரையில் நாற்காலி கட்டுவதற்கு இருவர் வரவேண்டும். இறக்குவதற்கு இருவர் வேண்டும். ஒவ்வொரு பயணமும் பிறரிடம் ஓர் உதவி கேட்பதாக இருந்தது. ஆதலால் அவர் போவதையே குறைத்துக்கொண்டிருந்தார். இப்பொழுது தமையனார் ஒருவரே போதும். சென்ற மாதத்தில் அவரை வவுனியாவிற் புத்தகக் கடை வாசலிற் கண்டேன். எதற்காக வந்தீர்கள் என்று விசாரித்தேன். “சும்மா வந்தனான் சேர்” என்றார்.

சும்மா வருவதற்கு ஒரு மனிதருக்கு இயலுமாயிற்று. அந்தக் காரைப் பற்றி இதைவிட மேலான சான்றிதழ் ஒன்றை நான் இதுவரை எங்கும் படித்ததில்லை.